வெறுமையாய் வரும் புரதம்: ஓர் உட்கருமணிப் புரதம் ஆய்வகத்துக்கு வந்த வரலாறு

இப்பதிவு சற்று நீளமானது. உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயிலும் மாணவர்களை, குறிப்பாகத் திருப்பதி, சித்தூர் வட்டார மாணவர்களை, மனத்தில் கொண்டு எழுதுகிறேன். அறிவியல் வரலாற்று மாணவர்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது.

சென்ற எழுபது ஆண்டுகளில் இவ்வட்டாரம் கல்வி நிலையங்கள் செறிந்த நிலமாகிவிட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு 1954இல் எழுந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தேவஸ்தானத்தின் துணையோடு இயங்கும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம், 2015இல் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐசர் என்று வரிசை நீள்கிறது. ஐசரின் முதல் இயக்குநர் கே. என். கணேஷ், 1980களில் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் டி.என்.ஏ.வை வேதிமுறையில் தொகுக்கும் வசதியை நிறுவியவர். அக்காலத்தில் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை உள்நாட்டிலேயே செய்துகொள்வது பெருஞ்செயலாக இருந்தது. இன்று அதே துண்டை மின்னஞ்சலில் கேட்டால் சில நாள்களில் தபாலில் வந்துவிடுகிறது. புரதங்களும் அவ்வாறே வரத் தொடங்கிவிட்டன.

அப்படி வரும் ஒரு குப்பியின் சீட்டை வாசித்துப் பாருங்கள். "மறுசேர்க்கை மனித என்.பி.எம்.1, ஈ.கோலையில் வெளிப்படுத்தப்பட்டது, ஹிஸ்டிடின் ஒட்டு உடையது, மைனஸ் 80 டிகிரியில் காக்கவும், ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்." இச்சீட்டின் ஒவ்வொரு தொடருக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு தெரியாமல் அக்குப்பியைப் பயன்படுத்துவோர் தம் சோதனையின் விடையைப் பிழையாக வாசிக்க நேரலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. பெயருக்கு முன் ஓர் எண்

உட்கருவுக்குள் தெரியும் கரிய புள்ளியை 1781இல் விலாங்கு மீனின் தோல் வழுவழுப்பில் கண்டு வரைந்தவர் இத்தாலியரான ஃபெலிச்சே ஃபொன்டானா. 1830களில் வாக்னர், வாலன்டின் ஆகிய ஜெர்மானிய அறிஞர்களின் எழுத்துகளில் அது தனி உறுப்பாக நிலைபெற்றது. நியூக்ளியோலஸ் எனப்படும் அந்த உட்கருமணி எதற்காக இருக்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. 1934இல் பார்பரா மக்ளின்டாக், மக்காச்சோளத்தின் ஆறாம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடமே உட்கருமணியை உருவாக்குகிறது என்று காட்டினார். 1964இல் டொனால்டு பிரவுனும் ஜான் கர்டனும், உட்கருமணி இல்லாத ஆப்பிரிக்கத் தவளையின் கருக்களால் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைத் தொகுக்க முடியவில்லை என்று நிறுவினர். உட்கருமணி ரைபோசோம்களின் பட்டறை என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாயிற்று.

பட்டறை இருந்தால் தொழிலாளர்கள் இருக்க வேண்டும். அவர்களை எண்ணிப் பட்டியலிட்டது ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹாரிஸ் புஷ் தலைமையில் இயங்கிய குழு. அவர்கள் எலியின் கல்லீரலிலிருந்தும் நோவிகாஃப் என்னும் கல்லீரல் புற்றுக்கட்டியின் செல்களிலிருந்தும் உட்கருமணிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் புரதங்களை இருபரிமாண ஜெல்லில் ஓடவிட்டனர். 1973இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரையில் ஜெல் ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் எண் தரப்பட்டது. பி பகுதியின் 23ஆம் புள்ளி பி23 ஆயிற்று. சி பகுதியின் 23ஆம் புள்ளி சி23 ஆயிற்று. பின்னாளில் முன்னதற்கு நியூக்ளியோபாஸ்மின் என்றும் பின்னதற்கு நியூக்ளியோலின் என்றும் பெயர்கள் வந்தன. இன்று நாம் என்.பி.எம்.1 என்று எழுதுவது, அன்று ஒரு ஜெல்லில் முகவரி எண்ணாக மட்டும் இருந்த புள்ளியைத்தான்.

இந்தப் பெயரிலேயே ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. "பாஸ்" என்ற அசை, இப்புரதம் உயிருள்ள செல்லில் பாஸ்பேட் ஏற்றம் பெற்ற நிலையில் இருப்பதைச் சுட்டுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. பாக்டீரியா செய்து தருவதும் செய்து தராததும்

1973 இரு வகையில் நமக்கு முக்கியமான ஆண்டு. பி23 என்ற எண் அச்சேறிய அதே ஆண்டில், ஸ்டான்லி கோயனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரியின் டி.என்.ஏ. துண்டை பிளாஸ்மிடில் பொருத்தி ஈ.கோலைக்குள் செலுத்திப் பெருக்கிக் காட்டினர். 1978இல் மனித இன்சுலின் பாக்டீரியாவில் உருவாக்கப்பட்டது. 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்திய அரசு அதே 1982இல் தேசிய உயிர்த்தொழில்நுட்ப வாரியத்தை அமைத்து, 1986இல் அதனை உயிர்த்தொழில்நுட்பத் துறையாக உயர்த்தியது.

சாதாரண ஆய்வகம் ஒன்றில் ஒரு மாணவர் தனியாகப் புரதம் செய்வது இயல்வதாயிற்று எனில், அதற்கு வேறிரண்டு முன்னேற்றங்கள் காரணம். 1986இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஸ்டுடியரும் பார்பரா மொஃபாட்டும் டி7 வைரஸின் நொதியைக் கொண்டு, வேண்டிய மரபணுவை ஈ.கோலையில் பெருமளவில் வெளிப்படுத்தும் முறையை வகுத்தனர். நம் ஆய்வகங்களில் அன்றாடம் வளர்க்கப்படும் பி.எல்.21 டி.இ.3 என்ற பாக்டீரிய வகை அவ்வழி வந்ததே. 1987இல் சுவிட்சர்லாந்தின் ரோச் நிறுவனத்தில் ஹோக்கூலியும் உடன் பணியாற்றியோரும் நிக்கலைப் பிடித்துவைக்கும் புதிய பிசினை அறிமுகப்படுத்தினர். புரதத்தின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின்களை ஒட்டிவிட்டால், அது நிக்கலில் பற்றிக்கொள்ளும். மற்றவை வழிந்து ஓடிவிடும். பிறகு இமிடசோலை ஊற்றினால் வேண்டிய புரதம் கழன்று வரும். 1989இல் மனித நியூக்ளியோபாஸ்மினின் சி.டி.என்.ஏ. வரிசை வெளியாயிற்று. விதை, நிலம், அறுவடைக் கருவி மூன்றும் இவ்வாறு அமைந்தன.

இவ்வறுவடையின் தன்மையைக் கவனிக்க வேண்டும். மனித செல்லில் ஒரு புரதம் தொகுக்கப்பட்ட பிறகும் அதன்மேல் வேலை தொடர்கிறது. எங்கோ பாஸ்பேட் ஏறும். எங்கோ அசிட்டைல் தொகுதி ஏறும். வேண்டாதபோது அவை இறக்கப்படும். அவை வெறும் அணிகலன்கள் அல்ல. செல் பகுப்பின்போது சென்ட்ரோசோம் இரட்டிப்பதற்கு முன்னால் நியூக்ளியோபாஸ்மினின் 199ஆம் இடத்தில் உள்ள திரியோனினில் பாஸ்பேட் ஏறியாக வேண்டும். ஏறிய பிறகே அது சென்ட்ரோசோமை விட்டு விலகுகிறது என்பது 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மனித செல்லில் இவ்வேலைகளைச் செய்யும் நொதிகள் ஈ.கோலையில் இல்லை. ஆதலால் அது செய்து தரும் நியூக்ளியோபாஸ்மின், பெயரில் "பாஸ்" இருந்தும் மனித செல் ஏற்றும் பாஸ்பேட்டுகள் இல்லாமலே வந்து சேர்கிறது. அமினோ அமில வரிசை மனிதருடையது. வாழ்க்கை அனுபவம் பாக்டீரியாவுடையது.

இதை ஒரு குறைபாடு என்று கருதிய காலம் உண்டு. மருந்துக்கு அது குறைபாடாகலாம். ஆய்வுக்கோ அந்த வெறுமையே பெரும் வாய்ப்பாக அமைந்தது. அதைக் கண்டு பயன்படுத்திய ஆய்வகங்களுள் ஒன்று திருப்பதியிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில், பெங்களூரின் ஜக்கூரில் இருக்கிறது.

3. ஜக்கூரில் எழுதப்பட்ட ஏடு

ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் 1989இல் தொடங்கப்பட்டது. அங்கே தபஸ் குமார் குண்டு தலைமையில் மரபணு வெளிப்பாட்டையும் குரோமாட்டினையும் ஆராய்ந்த குழு, பி300 என்னும் நொதியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தது. ஹிஸ்டோன்கள்மேல் அசிட்டைல் தொகுதியை ஏற்றும் நொதி அது. 2003இல் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம் அந்நொதியைத் தடுக்கிறது என்று அக்குழு காட்டியிருந்தது. செயல்படும் பி300 கைவசம் இருந்த ஆய்வகம் என்பது இங்கே முக்கியம்.

நியூக்ளியோபாஸ்மின் ஹிஸ்டோன்களைத் தாங்கிச் சென்று டி.என்.ஏ.மேல் அமர்த்தும் துணைப்புரதமாகவும் தொழிற்படும் என்று 2001இல் ஜப்பானில் ஒகுவாகியும் நகாட்டாவும் உடன் பணியாற்றியோரும் கண்டறிந்திருந்தனர். ஜக்கூர்க் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் ஏற்றும் பி300, ஹிஸ்டோனைத் தாங்கிச் செல்லும் இப்புரதத்தின்மேலும் ஏற்றுமா? ஏற்றினால் என்ன மாறும்?

இக்கேள்விக்கு விடை காண இரண்டு வகை நியூக்ளியோபாஸ்மின் வேண்டும். ஒன்றில் அசிட்டைல் இருக்கக் கூடாது; மற்றதில் இருக்க வேண்டும்; மற்ற எல்லாவற்றிலும் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மனித செல்லிலிருந்து பிரித்தெடுத்தால் இந்தத் தூய வேறுபாடு கிடைக்காது. அங்கே கிடைப்பது பல மாற்றங்கள் கலந்த கூட்டம். மறுசேர்க்கைப் புரதம் எழுதப்படாத ஏடாக வருகிறது. அதில் எந்த எழுத்தை எழுதுவது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கலாம்.

2005இல் வி. சுவாமிநாதன், ஏ. ஹரி கிஷோர், கே. கே. ஃபெபிதா, குண்டு ஆகியோர் அமெரிக்காவின் "மாலிக்யூலர் அண்ட் செல்லுலர் பயாலஜி" இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நியூக்ளியோபாஸ்மின்மேல் பி300 அசிட்டைல் ஏற்றுகிறது. சோதனைக் குழாயிலும் செல்லுக்குள்ளும் அது நிகழ்கிறது. அசிட்டைல் ஏறிய புரதம் அசிட்டைல் ஏறிய ஹிஸ்டோன்களை மேலும் வலுவாகப் பற்றுகிறது. குரோமாட்டினாகச் சுருண்ட டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதை அது ஊக்குவிக்கிறது. உட்கருமணியில் ரைபோசோம் வேலை பார்ப்பதாக அறியப்பட்ட புரதத்துக்கு, மரபணுக்களைத் திறக்கும் இன்னொரு தொழில் இருப்பது இவ்வாறு தெளிவாயிற்று.

2009இல் ஜயஷா சாண்டில்யாவும் குழுவினரும் அதே இதழில் அடுத்த படியை வைத்தனர். அசிட்டைல் ஏறிய நியூக்ளியோபாஸ்மின் உட்கருமணியை விட்டு வெளியே, உட்கருச் சாற்றில் காணப்படுகிறது. வாய்ப்புற்றுக் கட்டிகளில் இப்புரதமும் அதன் அசிட்டைல் ஏறிய வடிவமும் மிகுந்திருக்கின்றன. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மலிந்த நாட்டில், அந்நோய் பற்றிய ஆய்வுக்கு ஜெல் புள்ளியாகத் தொடங்கிய ஒரு புரதம் இவ்வழியே வந்து சேர்ந்தது. 2011இல் ஸ்ரீகாந்த் கடாடும் குழுவினரும், ஹெச்1 எனும் இணைப்பு ஹிஸ்டோனுக்கும் இப்புரதம் துணைபோவதைக் காட்டினர்.

வெறுமையான புரதத்தின் பயன் இதோடு முடியவில்லை. 2007இல் மனித நியூக்ளியோபாஸ்மினின் முன்முனைப் பகுதி படிகமாக்கப்பட்டு, ஐந்து மூலக்கூறுகள் வளையமாகக் கூடி நிற்கும் வடிவம் தெரியவந்தது. 2016இல் பிரின்ஸ்டனில் கிளிஃபோர்டு பிராங்வினின் குழுவினர், தூய்மைப்படுத்திய ஃபிப்ரிலரினும் நியூக்ளியோபாஸ்மினும் ஆர்.என்.ஏ.வோடு சேரும்போது எண்ணெயும் நீரும் போலப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்றான துளிகளாக அமைவதைக் கண்டனர். உட்கருமணியின் அடுக்குகள் செல்லே இல்லாத குழாயில் ஓரளவு மீண்டும் பிறந்தன.

4. பழைய வட ஆற்காட்டில் ஒரு நோய்

இவ்வரலாற்றில் சித்தூர்க்காரர்களுக்கு அயலாகாத ஒரு பகுதியும் உண்டு. 2005இல் இத்தாலியின் பெரூஜா நகரைச் சேர்ந்த புருனாஞ்செலோ ஃபலினியும் உடன் ஆய்ந்தோரும், கடிய மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்ட 591 பேரின் மாதிரிகளை ஆராய்ந்து, அவர்களுள் 208 பேரிடம், அதாவது 35.2 விழுக்காட்டினரிடம், நியூக்ளியோபாஸ்மின் தன் இடத்தை விட்டு சைட்டோபிளாசத்தில் இருப்பதைக் கண்டனர். மரபணுவின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் நான்கே எழுத்துகள் கூடுதலாக நுழைந்துவிடுகின்றன. 294 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் பின்முனையில், உட்கருமணியில் நங்கூரம்போல் பிடித்துவைக்கும் டிரிப்டோஃபேன்கள் அதனால் குலைகின்றன. அங்கே உட்கருவை விட்டு வெளியேறும் குறி ஒன்று புதிதாகத் தோன்றுகிறது. இன்று அந்நோயை வகைப்படுத்துவதிலும், சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோய்ச்செல்களைத் தேடுவதிலும் இந்த மரபணுச் சோதனை நிலைபெற்றுவிட்டது.

1911 வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திரத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் எத்தனை முறை மாறினாலும் நோயாளிகளின் பாதை மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பேருந்துகளில் தெலுங்கும் தமிழும் பேசும் குடும்பங்கள் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்கின்றன. 1986 முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடந்துவரும் மருத்துவமனை அது. இரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் அறிக்கையில் "என்.பி.எம்.1" என்ற எழுத்துகள் வரும்போது, அது எந்தப் புரதத்தைக் குறிக்கிறது என்பதை அக்குடும்பத்தின் படித்த பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர்கள் நம் வகுப்பறைகளிலிருந்தே வரவேண்டும்.

5. மருந்துக்கு ஒரு வரலாறு, வினைபொருளுக்கு ஒரு வரலாறு

தெலுங்கு நிலத்தில் மறுசேர்க்கைப் புரதம் என்றவுடன் எல்லாரும் சொல்லும் கதை சாந்தா பயோடெக்னிக்ஸ் உடையது. வரபிரசாத் ரெட்டி ஹைதராபாத்தில் 1993இல் நிறுவிய அந்நிறுவனம், 1997இல் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான மறுசேர்க்கைத் தடுப்பூசியை ஷான்வாக்-பி என்ற பெயரில் வெளியிட்டது. இந்தியாவில் உருவான அவ்வகையின் முதல் தடுப்பூசி அது. இறக்குமதித் தடுப்பூசியின் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், அது பொதுமக்களுக்கு எட்டும் பொருளாயிற்று. இந்த வரலாறு பாடநூல்களிலும் மேடைகளிலும் உரிய இடம் பெற்றிருக்கிறது.

ஆய்வக வினைபொருள்களுக்கு அப்படி ஒரு வரலாறு எழுதப்படவில்லை. அவை விற்பனைக்கு வராமலே ஆய்வகத்திலிருந்து ஆய்வகத்துக்குச் சென்றன. ஒருவர் செய்த பிளாஸ்மிடை இன்னொருவர் கடிதம் எழுதிக் கேட்டார். ஒரு துளி கரைசல் வடிதாளில் உலர்ந்து உறைக்குள் வந்தது. ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரி சேர்ந்தது. 2004இல் அமெரிக்காவில் ஆட்ஜீன் என்னும் இலாப நோக்கற்ற சேமிப்பகம் தோன்றிய பிறகே இப்பரிமாற்றத்துக்கு ஓர் அஞ்சலகம் போன்ற ஒழுங்கு அமைந்தது. நன்றியுரைகளைத் தொகுத்து வாசித்தால், எந்தப் பிளாஸ்மிட் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்ற வரைபடத்தையே வரைந்துவிடலாம். அறிவியல் வரலாற்று மாணவர் ஒருவருக்கு இது நல்லதோர் ஆய்வுத் தலைப்பு.

ஜக்கூர் ஆய்வின் பாடம் இவ்விடத்தில் பொருந்துகிறது. நியூக்ளியோபாஸ்மின், பி300, ஹிஸ்டோன்கள், குரோமாட்டின் வார்ப்பு ஆகிய எல்லாமே கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையால்தான் ஒன்றை மாற்றி மற்றதைப் பார்க்க முடிந்தது. செய்யத் தெரிந்தவருக்குக் கேள்வியை மாற்றிக் கேட்கும் உரிமை கிடைக்கிறது. வாங்க மட்டும் தெரிந்தவர், விலைப்பட்டியலில் உள்ள வடிவத்துக்கு ஏற்பவே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சிறு நகரப் பல்கலைக்கழகங்களுக்கு இது பொருளாதாரச் சிக்கலும் ஆகும். மைக்ரோகிராம் கணக்கில் வரும் குப்பிக்குச் செலவிடும் தொகை பெரிது. குளிர் கெடாமல் வந்து சேர்வது உறுதியில்லை. ஒரு லிட்டர் பாக்டீரிய வளர்ப்பில் மில்லிகிராம் கணக்கில் புரதம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அதற்குப் பொறுமையும், சொல்லித்தர ஒரு மூத்த மாணவரும் தேவை. அந்த மூத்த மாணவரின் கைப்பழக்கம் எந்தக் கட்டுரையிலும் அச்சாவதில்லை.

6. சீட்டை வாசிக்கும் முறை

வாங்குவதைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வாங்கினாலும் செய்தாலும், கையிலிருக்கும் புரதத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, ஒட்டு எந்த முனையில் இருக்கிறது? நியூக்ளியோபாஸ்மினின் முன்முனை ஐந்தாகக் கூடுவதற்கு உரியது; பின்முனை உட்கருமணியில் நிற்பதற்கும் நியூக்ளிக் அமிலத்தைப் பற்றுவதற்கும் உரியது. இரத்தப் புற்றுநோயில் குலைவதும் அப்பின்முனையே. அவ்விடத்தில் ஆறு ஹிஸ்டிடின்களை ஒட்டிவிட்டு அவ்விடத்தின் தொழிலை ஆராய்வோர், ஒட்டின் விளைவையும் தனியே சோதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாவது, புரதத்தோடு வேறு என்ன வந்திருக்கிறது? ஆர்.என்.ஏ.வைப் பற்றும் இயல்புள்ள புரதம், பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வையும் பற்றிக்கொண்டே வெளிவரலாம். ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரிவது இதற்குச் சான்றாகாது. 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். செல்கள்மேல் இடப்போகும் புரதமானால் பாக்டீரியாவின் எண்டோடாக்சினையும் அளந்தாக வேண்டும். இல்லையேல் நச்சு செய்த வேலையைப் புரதத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மூன்றாவது, எந்த நிலையில் அதைப் பார்க்கிறோம்? கொதிக்க வைக்காமல் ஜெல்லில் ஏற்றினால் இப்புரதத்தின் கூட்டு வடிவம் கலையாமல் உயரத்தில் நிற்கும். அது மாசு அன்று, அதன் இயல்பு.

நான்காவதும் முதன்மையானதும், இதில் எந்த மாற்றங்கள் இல்லை? பாக்டீரியாவில் செய்த நியூக்ளியோபாஸ்மின் ஒரு சோதனையில் செயல்படவில்லை எனில், அப்புரதத்துக்கு அத்தொழில் இல்லை என்று உடனே எழுதிவிட இயலாது. அத்தொழிலுக்கு வேண்டிய பாஸ்பேட்டோ அசிட்டைலோ இல்லாமையும் காரணமாகலாம். எதிர்மறை முடிவுகள் பல இவ்விடத்தில்தான் தடம் மாறுகின்றன.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறை இயலில் "புரதம் தூய்மைப்படுத்தப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் ஒரே வரியாக முடித்துவிடாதீர்கள். பிளாஸ்மிட் எங்கிருந்து வந்தது, ஒட்டு எந்த முனையில், எந்த பாக்டீரிய வகையில், எந்த வெப்பநிலையில் வளர்த்தது, எதை அளந்து தூய்மையை உறுதிசெய்தது, கற்றுத்தந்தவர் யார் என்பவற்றை எழுதுங்கள். நாளை உங்கள் முடிவோடு முரண்படும் ஒருவர் முதலில் தேடப்போவது அந்த வரிகளைத்தான். பேய்லரில் ஒரு புள்ளிக்கு 23 என்று எண்ணிட்டவர்கள் அவ்வெண்ணை எங்கே, எப்படிப் பெற்றோம் என்று எழுதி வைத்ததால்தான் பின்வந்தோரால் அதே புள்ளியை மீண்டும் கண்டுகொள்ள முடிந்தது.

தத்தம் ஆய்வகங்களில் உட்கருமணிப் புரதங்களோடு பணியாற்றிய நண்பர்கள், பிளாஸ்மிட் பயணங்கள் பற்றிய தங்கள் குறிப்புகளைக் கீழே பகிர்ந்தால் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.